வெண்பாழ் – 9: இருப்போரா, இறந்தோரா?

சென்ற கிழமை: 1912 மார்ச் 10. ‘ஒரு தொன் கிடங்கு’ எனப்பட்ட உணவுக் கிடங்கின் அருகே ஆறு நாள் காத்துக் கிடந்தார்கள் செரி-கராட்டும் நாய்வண்டிக்காரன் டிமித்ரியும். தெற்கிலிருந்து எவரும் வரவில்லை. நாய்களுக்கு உணவு தீர்ந்துகொண்டிருந்தது. வேறு வழியின்றி வண்டிகளை வடக்கே திருப்பினார்கள். தென் துருவத்துக்குப் போன கப்டன் ஸ்கொட்டும் தோழர் நால்வரும் என்ன ஆனார்கள்?

* * *

ஏப்ரல் கடைசியில் சூரியன் அடிவானத்துக்குக் கீழே இறங்கியது. இனி நான்கு மாதத்துக்கு அது எழாது.

ரோஸ் தீவின் கரையில், எவன்ஸ் முனையில் நின்ற மரக்குடிலுக்குள் பதின்மூன்று பேர் இருந்தார்கள். முந்திய குளிர்காலத்தில் அதே கூரையின் கீழ் இருபத்தைந்து பேர் உண்டு, உறங்கி, வாதாடி, பாடிக் கழித்திருந்தார்கள். அவர்களில் சிலர் கப்பலேறி ஊர் திரும்பிவிட்டார்கள். ஐந்து பேர் துருவத்துக்குப் போனார்கள், திரும்பவில்லை. அந்த ஐவரின் படுக்கைகளும் விரித்தபடியே கிடந்தன.

தலைவர் ஸ்கொட் இல்லை. அவருக்கு அடுத்த நிலையிலிருந்த லெப்டினன்ட் எவன்ஸ், ஸ்கேவி நோயால் சாகக் கிடந்து, மார்ச்சிலேயே கப்பலில் அனுப்பப்பட்டுவிட்டார். அவருக்கும் அடுத்தவரான விக்டர் கம்பெல் வேறொரு கரையில் தொலைந்துபோயிருந்தார். ஆகவே பொறுப்பு ஒரு வைத்தியரின் தோளில் விழுந்தது. எட்வர்ட் அற்கின்சன், கடற்படை வைத்தியர், வயது முப்பது, அதிகம் பேசாதவர்.

மார்ச் மாதக் கடைசியில் அற்கின்சன் கியோஹான் என்ற மாலுமியை மட்டும் கூட்டிக்கொண்டு, கால்நடையாகத் தெற்கே போய்ப் பார்த்திருந்தார். குளிரும் காற்றும் இரண்டு பேரால் தாங்கக் கூடியதாக இல்லை. மார்ச் 30ஆம் திகதி, இனி எவரும் உயிரோடு வரமாட்டார்கள் என்று மனத்துக்குள் முடிவுகட்டி அவர் திரும்பினார். அதற்கு முந்திய நாள் தெற்கே ஒரு கூடாரத்துக்குள் ஒருவர் தன் நாட்குறிப்பின் கடைசி வரிகளை எழுதியிருந்தார் என்பது அப்போது அவருக்குத் தெரியாது.

இரண்டு திசை

அந்த இருளில் பதின்மூன்று பேரையும் வாட்டியது குளிர் அல்ல. ஒரே கேள்விதான்.

தொலைந்தவர்கள் இரண்டு கூட்டம். தெற்கே துருவக் குழு: ஸ்கொட், வில்சன், பவர்ஸ், ஓற்ஸ், எட்கர் எவன்ஸ். இவர்கள் இறந்திருப்பார்கள் என்பதில் எவருக்கும் ஐயமில்லை. வடக்கே கம்பெலின் குழு: ஆறு பேர். விக்ரோறியா நிலக் கரையில், இங்கிருந்து முந்நூறு கிலோமீற்றருக்கும் அப்பால், ஜனவரியில் கப்பல் அவர்களை இறக்கிவிட்டிருந்தது. சில கிழமைகளில் வந்து ஏற்றிக்கொள்வதாகத்தான் திட்டம். ஆனால் கடல் உறைந்து வழியை அடைத்தது. கப்பல் பலமுறை முயன்றும் கரையை நெருங்க முடியவில்லை. கோடைப் பயணத்துக்கான உணவும் கோடைக்கான கூடாரமும் மட்டுமே அவர்களிடம் இருந்தன. அவர்கள் இன்னும் உயிரோடு இருக்கலாம்.

வசந்தம் வந்ததும் தேடிப் போகலாம். ஆனால் ஆட்கள் பதின்மூன்று பேர் மட்டும். ஒரு திசைக்குத்தான் போதும்.

ஜூன் 14ஆம் திகதி அற்கின்சன் எல்லோரையும் மேசையைச் சுற்றி அமர்த்தினார். அதிகாரி, மாலுமி, சமையற்காரர் என்ற வேறுபாடு பார்க்காமல் நிலைமையை விளக்கினார். கம்பெலிடம் போவதற்குக் கடல் உறுதியாக உறைய வேண்டும். அப்படி உறைந்தால் கம்பெலே கரையோரமாக நடந்து வந்துவிடலாம். நாம் போய்ச் சேர்ந்தாலும், கோடையில் கப்பல் அவர்களை எடுப்பதற்குச் சில கிழமைகளே முந்துவோம். தெற்கே நிலைமை வேறு. அங்கே இந்த ஆண்டு போகாவிட்டால் இனி எவரும் போகப்போவதில்லை. பனி ஒவ்வொரு நாளும் எல்லாவற்றையும் மூடிக்கொண்டிருக்கிறது. ஐந்து பேர் எங்கே, எப்படி, ஏன் இறந்தார்கள் என்பது உலகத்துக்கு என்றைக்கும் தெரியாமல் போகும்.

மறுபக்கத்து வாதமும் எவருக்கும் மறைவாக இருக்கவில்லை. இறந்தவர்கள் காத்திருப்பார்கள், உயிரோடு இருப்பவர்கள் காத்திருக்க மாட்டார்கள். தெற்கே போய் எதையும் காணாமல் திரும்பி, அதற்குள் கம்பெலின் ஆறு பேரும் பசியால் மடிந்திருந்தால்? அந்தப் பழியோடு எப்படி வாழ்வது?

லாஷ்லி என்பவர் மட்டும் கருத்துச் சொல்லாமல் இருந்தார். மற்ற எல்லோரும் ஒரே பதிலைச் சொன்னார்கள்.

தெற்கு. இறந்தவர்களைத் தேடி.

ஏன்?

இந்தத் தொடரை நான் கிளிநொச்சியிலிருந்து எழுதுகிறேன். 2017 பெப்ரவரி 20ஆம் திகதி இங்கே கந்தசுவாமி கோயிலின் முன்னால், காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவுகள் வந்து அமர்ந்தார்கள். வவுனியாவிலும் முல்லைத்தீவிலும் அதே ஆண்டில் அதே கேள்வியோடு பந்தல்கள் எழுந்தன. பிள்ளையின் படத்தை மடியில் வைத்தபடி இருந்த அம்மாக்களிலும் ஐயாக்களிலும் பலர், பதில் கேளாமலே கண்ணை மூடிவிட்டார்கள்.

இரண்டும் ஒன்றல்ல. அந்தாட்டிக்காவில் தொலைந்தவர்கள் விரும்பிப் போனவர்கள். அவர்களைக் கொண்டுபோனது குளிர். இங்கே பெற்றவர்கள் தங்கள் கையால் கையளித்த பிள்ளைகளைப் பற்றிக் கேட்கிறார்கள். அந்தக் கேள்வி மனிதரை நோக்கியது, பதில் சொல்ல வேண்டியவர்களும் மனிதர்களே. ஆனாலும் எவன்ஸ் முனை மேசையில் அன்று எடுத்த முடிவை, வன்னியில் இருக்கும் ஒருவருக்கு எவரும் விளக்கத் தேவையில்லை. என்ன நடந்தது என்று அறிவதும் ஓர் உரிமை. உயிரோடு மீட்பது எவ்வளவு பெரிய கடமையோ, மீட்க முடியாதபோது கண்டறிந்து சொல்வதும் அவ்வளவு பெரிய கடமை.

அந்த ஐவருக்கும் வீட்டில் ஆட்கள் இருந்தார்கள். ஸ்கொட்டின் மனைவி கத்லீனிடம் மூன்று வயதும் நிரம்பாத மகன் இருந்தான். எட்கர் எவன்ஸின் மனைவி லோயிஸ் மூன்று பிள்ளைகளோடு வேல்ஸில் காத்திருந்தார். பவர்ஸின் தாய் மகனின் கடிதத்துக்காகக் காத்திருந்தார். ஓற்ஸின் தாய் கரோலின், மகனுக்கு என்ன நடந்தது என்று அறிய, பின்னாளில் அவனோடு போய்த் திரும்பியவர்களைச் சந்தித்துத் துருவித் துருவி விசாரித்தார். தேட வேண்டாம் என்று அந்த மேசையில் முடிவெடுத்திருந்தால், இவர்களுக்குச் சொல்ல எவரிடமும் ஒரு சொல் இருந்திராது.

இமயத்திலிருந்து வந்த ஏழு

பயணத்துக்கு வண்டி இழுக்க விலங்கு வேண்டும். முதல் ஆண்டில் கொண்டுவந்த மட்டக்குதிரைகள் எல்லாம் மாண்டுவிட்டன. ஆனால் மார்ச்சில் திரும்பிப்போன கப்பல், போகுமுன் புதிய விலங்குகளை இறக்கிவிட்டிருந்தது. ஏழு கோவேறு கழுதைகள். இந்தியப் படையின் சுமைப் பிரிவைச் சேர்ந்தவை. இமயமலையில், சிம்லாவில் பழக்கப்பட்டவை.

அவற்றை வரவழைக்கச் சொன்னவர் ஓற்ஸ். இந்தியாவில் குதிரைப்படை அதிகாரியாக இருந்தவர் அவர். மலைப்பாதையில் கோவேறு கழுதையின் உறுதியைக் கண்ணால் கண்டவர். இரண்டாம் ஆண்டுப் பயணத்துக்கு உதவும் என்று அவர் கேட்டு வாங்கிய விலங்குகள், கடைசியில் அவரையே தேடிப் போகப் பூட்டப்பட்டன.

லால் கான், குலாப், பேகம், ராணி, அப்துல்லா, பியாரி, கான் சாஹிப். இந்தப் பெயர்களைப் பனிப்புயலின் நடுவே ஆங்கிலேயரும் அயர்லாந்துக்காரரும் நோர்வேக்காரரும் கூவி அழைத்தார்கள். ஒவ்வொரு விலங்குக்கும் ஒருவர் பொறுப்பு. குளிர்கால இருளிலேயே நடத்திப் பழக்கினார்கள். மட்டக்குதிரைகளைவிட அவை வேகமாக நடந்தன. ஆனால் பயணம் தொடங்கியதும் ஒரு தொல்லை. தமக்கென்று அளந்து வைத்த தீனியை அவை தொடுவதில்லை. தேயிலைச் சக்கை, கயிறு, போர்வை என்று கண்ணில் பட்ட எதையும் தின்றன. வயிற்றுக்கு வேண்டியதை மட்டும் தள்ளிவிட்டன. நாளுக்கு நாள் மெலிந்தன.

இரவு நடை

ஒக்ரோபர் 30ஆம் திகதி ‘குடில் முனை’யிலிருந்து கோவேறு கழுதைகள் புறப்பட்டன. கனடாக்காரரான பௌதிகவியலாளர் சார்ள்ஸ் ரைட் தலைமையில் எட்டுப் பேர். இரண்டு நாள் பின்னால் அற்கின்சன், செரி-கராட், டிமித்ரி மூவரும் நாய்வண்டிகளோடு தொடர்ந்தார்கள். மொத்தம் பதினொருவர். எவன்ஸ் முனைக் குடிலில் இருவர் மட்டும் மிஞ்சினார்கள்.

அவர்கள் முன்னால் கிடந்தது ரோஸ் பனித்தட்டு. கடலின் மேல் மிதக்கும் ஒரே பனிப்பாளம். பரப்பில் இலங்கைத் தீவைப் போல ஏழு மடங்குக்கு மேல். நீரற்று வெளித்த இரணைமடுக் குளத்தின் தரையை எல்லையில்லாமல் நீட்டி, வெள்ளை பூசியதுபோல் அது கிடந்தது. மலையில்லை, மரமில்லை. எவ்வளவு நடந்தாலும் நின்ற இடத்திலேயே நிற்பதுபோல் இருக்கும்.

அந்தப் பருவத்தில் அங்கே சூரியன் மறைவதில்லை. ஆனாலும் அவர்கள் ‘இரவில்’ நடந்தார்கள். சூரியன் தாழ்ந்து நிற்கும் நேரத்தில் பனி இறுகிக் கிடக்கும், விலங்குகளின் கால் புதையாது. ‘பகலில்’ வெயில் படும்போது அவை ஓய்வெடுக்கும். ரைட் எல்லோருக்கும் முன்னால் பனிச்சறுக்குக் கட்டைகளில் போய், திசைகாட்டியைப் பார்த்து வழி பிடித்தார்.

நீண்ட பயணத்துக்கே அவர்கள் ஆயத்தமாகி வந்தார்கள். துருவக் குழு தெற்கே வெகு தொலைவில், பியர்ட்மோர் பனியாற்றின் பிளவு ஒன்றுக்குள் விழுந்திருக்கும் என்பதே பலருடைய எண்ணம். அப்படியானால் பனியாறு வரை போக வேண்டும். எதையுமே காணாமல் திரும்பவும் நேரிடலாம்.

நவம்பர் 11. சுமார் 240 கிலோமீற்றர் கடந்து ஒரு தொன் கிடங்கை அடைந்தார்கள்.

செரி-கராட் அந்தக் கல்லறை போன்ற பனிமேட்டைப் பார்த்துக்கொண்டு நின்றார். எட்டு மாதத்துக்கு முன் தான் காத்திருந்து, திரும்பிப்போன இடம். அன்று தான் வைத்துவிட்டுப் போன உணவு அப்படியே இருந்தது. எவரும் வந்து எடுக்கவில்லை.

அப்படியானால் அவர்கள் இதுவரைகூட வந்து சேரவில்லை.

நவம்பர் 12

மறுநாள் காலை. ஒரு தொன் கிடங்கிலிருந்து சுமார் 20 கிலோமீற்றர் தெற்கே வந்திருந்தார்கள். முன்னால் போய்க்கொண்டிருந்த ரைட் திடீரென்று வலப்பக்கம் திரும்பினார். தூரத்தில் பனியின் மேல் ஏதோ சிறியதாகத் துருத்திக்கொண்டு நின்றது. பழைய கிடங்கொன்றின் அடையாள மேடு என்றுதான் பின்னால் வந்தவர்கள் நினைத்தார்கள்.

ரைட் கிட்டப் போனார். நின்றார். பிறகு கையசைத்து எல்லோரையும் வரச் சொன்னார். கத்தி அழைக்க அவருக்கு மனம் வரவில்லை. அந்த இடத்தில் சத்தம் போடுவது பாவம் என்று தோன்றியதாகப் பின்னாளில் சொன்னார்.

அது ஒரு கூடாரத்தின் உச்சி. குளிர்காலம் முழுவதும் பெய்த பனி, மிச்சத்தை மூடியிருந்தது.

பனியை வாரி எறிந்தார்கள். பச்சைத் துணி வெளிப்பட்டது. வாசலைத் திறந்தார்கள். உள்ளே மூன்று பேர் படுத்திருந்தார்கள். இரு பக்கமும் வில்சனும் பவர்ஸும், உறங்கும் பைகளை இழுத்து மூடியபடி. நடுவில் ஸ்கொட். அவருடைய பையின் மேற்பகுதி திறந்து கிடந்தது. ஒரு கை வில்சனின் மேல் நீண்டிருந்தது. அருகில் நாட்குறிப்புகள் வைத்த சிறு பை.

இங்கே அற்கின்சன் செய்த ஒரு காரியத்தை இந்தத் தொடரைப் படிக்கும் ஒவ்வொருவரும் நினைவில் வைக்க வேண்டும் என்று விரும்புகிறேன். அவர் பதினொருவரையும், வேண்டாம் என்று தயங்கியவர்களையும்கூட, ஒருவர் பின் ஒருவராகக் கூடாரத்துக்குள் போய்ப் பார்க்கச் சொன்னார். கண்டதைப் பற்றி நாளை எவரும் ஐயம் எழுப்பக் கூடாது. ஒருவர் சொல்லை மற்றவர் மறுக்கக் கூடாது. ஊரில் காத்திருப்பவர்களுக்குப் போய்ச் சேர வேண்டியது வதந்தி அல்ல, சாட்சியம். ஒரு வைத்தியர் பனிப்பாலையின் நடுவில், நீதிமன்றமோ ஆணைக்குழுவோ இல்லாத இடத்தில், அந்த ஒழுங்கைக் கைக்கொண்டார்.

பிறகு அவர் தன் கூடாரத்துக்குள் அமர்ந்து ஸ்கொட்டின் நாட்குறிப்பைப் படித்தார். மணிக்கணக்காகப் படித்தார். வெளியே பத்துப் பேர் காத்திருந்தார்கள். நடந்ததை அறியத் தேவையான அளவுக்கு மட்டும் படித்துவிட்டு மூடினார். மிச்சம் குடும்பத்துக்கு உரியது. எல்லோரையும் கூட்டி, கதையைச் சொன்னார்.

1912 ஜனவரி 17இல் ஐவரும் துருவத்தை அடைந்தார்கள். அங்கே நோர்வேக்கொடி அவர்களுக்கு முன்பே நின்றது. 1911 டிசம்பர் 14இலேயே அமுண்ட்சென் வந்து போய்விட்டார். திரும்பும் வழியில், பெப்ரவரி 17இல் எட்கர் எவன்ஸ் பனியாற்றின் அடியில் இறந்தார். மார்ச் நடுப்பகுதியில், கால்கள் உறைந்துபோன ஓற்ஸ், தன்னால் மற்றவர்களும் சாகக் கூடாது என்று புயலுக்குள் எழுந்து நடந்தார். மிச்ச மூவரும் இந்த இடத்தை அடைந்தபோது புயல் கூடாரத்துக்குள் அடைத்துப்போட்டது. மார்ச் 29ஆம் திகதிக்குப் பிறகு நாட்குறிப்பில் எழுத்தில்லை.

ஒரு தொன் கிடங்கு, அவர்கள் படுத்திருந்த இடத்திலிருந்து 20 கிலோமீற்றர். நல்ல காலநிலையில் ஒரு நாள் நடை.

சுமந்து வந்த கற்கள்

கூடாரத்தருகே பனிக்குள் புதைந்த வண்டியைத் தோண்டி எடுத்தார்கள். அதில் சுமார் 16 கிலோ பாறைத் துண்டுகள். ஒவ்வொரு அவுன்சும் உயிரைக் குடிக்கும் நிலையிலும் அவற்றை எறியாமல் கடைசிவரை இழுத்து வந்திருக்கிறார்கள்.

அந்தப் பாறைகளில் குளொசொப்ரெரிஸ் என்ற தாவரத்தின் இலைப் படிவுகள் இருந்தன. இந்தியாவின் நிலக்கரிப் படுகைகளிலும் கிடைக்கும் அதே இலை. அந்தாட்டிக்காவும் இந்தியாவும் ஒருகாலத்தில் கொண்டுவானா என்ற ஒரே பெருநிலமாக ஒட்டியிருந்தன என்பதற்கு அது ஒரு சான்றாயிற்று. நமது தீவும் அப்போது அந்தாட்டிக்காவை அணைத்தே கிடந்தது. வவுனியாப் பக்கத்து அடிப்பாறைகளுக்குப் புவியியலாளர் இட்டிருக்கும் பெயர் ‘வன்னித் தொகுதி’. கிழக்கு அந்தாட்டிக்காவின் பாறைகளோடு அவற்றை ஒப்பிட்டு ஆராய்கிறார்கள். வவுனியாவில் ஒரு பாறையில் கை வைப்பவர், அந்தக் கண்டத்தின் உடன்பிறப்பைத் தொடுகிறார்.

உடல்களை அவர்கள் அசைக்கவில்லை. கூடாரத்தின் மூங்கில்களை உருவினார்கள். துணி மூவரையும் போர்த்தி விழுந்தது. அதன் மேல் பெரிய பனிமேடு எழுப்பி, இரண்டு சறுக்குக் கட்டைகளைச் சிலுவையாகக் கட்டி உச்சியில் நட்டார்கள். அவை நோர்வேக்காரரான கிரானின் கட்டைகள். ஸ்கொட்டின் கட்டைகளைத் தன் காலில் பூட்டிக்கொண்டார் கிரான். அவையாவது பயணத்தை முடித்து வீடு சேரட்டும் என்று.

மறுநாள் ஓற்ஸைத் தேடித் தெற்கே போனார்கள். அவருடைய உறங்கும் பை கிடைத்தது. வீங்கிய காலை நுழைப்பதற்காக அது நீளவாக்கில் கிழிக்கப்பட்டிருந்தது. உடல் கிடைக்கவில்லை. ஆனாலும் அங்கே ஒரு மேடு எழுப்பினார்கள். சிலுவை நட்டார்கள். துணிவுள்ள ஒரு மனிதன் இதனருகே தன் தோழர்களுக்காக இறந்தான் என்று எழுதி வைத்தார்கள். உடல் இல்லை என்பதால் அவருடைய கதையை அவர்கள் பாதியில் விடவில்லை.

கதவருகே ஒரு கடிதம்

இறந்தவர்கள் கிடைத்துவிட்டார்கள். இப்போது மற்றக் கேள்வி எழுந்து நின்றது.

எதிர்பார்த்ததைவிட மிக விரைவாகத் தேடல் முடிந்ததால், இன்னும் நாள் இருந்தது. வேகமாகத் திரும்பினால் கம்பெலைத் தேடி வடக்கே போகலாம். ஆனால் குளிர்காலம் முழுவதும், ஏழெட்டு மாதம், அந்த ஆறு பேரும் எதைத் தின்று, எங்கே ஒதுங்கியிருப்பார்கள்? இறந்தவர்களைத் தேடப் போன நேரத்தில், உயிரோடிருந்தவர்கள் இறந்திருந்தால்? திரும்பும் வழியெல்லாம் அற்கின்சன் அந்தக் கணக்கைச் சுமந்து வந்தார். ஸ்கொட்டின் நாட்குறிப்புகள் அவருடைய வண்டியில் இருந்தன. ஜூன் 14 மேசையில் எடுத்த முடிவு அவருடைய நெஞ்சில் இருந்தது.

நவம்பர் 25ஆம் திகதி, அற்கின்சனும் செரி-கராட்டும் டிமித்ரியும் நாய்வண்டிகளோடு முந்திக்கொண்டு குடில் முனையை அடைந்தார்கள். கோவேறு கழுதைகள் பின்னால் வந்துகொண்டிருந்தன. தாங்கள் புறப்பட்ட நாளில் ஆளில்லாமல் பூட்டிவிட்டுப் போன, அங்கே நின்ற பழைய குடிலை நெருங்கினார்கள்.

அங்கே ஒரு கடிதம் காத்திருந்தது. அவர்கள் போகும்போது இல்லாத கடிதம்.

அந்தக் கையெழுத்து விக்டர் கம்பெலுடையது.

அப்படியானால் கம்பெல் இங்கே வந்திருக்கிறார். முந்நூறு கிலோமீற்றருக்கு அப்பாலிருந்து, உறைந்த கடலின் மேல் நடந்து, தாங்கள் தெற்கே போயிருந்த அதே நாட்களில் வந்திருக்கிறார். ஆனால் அந்தக் கரையில் இறங்கியவர்கள் ஆறு பேர். அவரோடு எத்தனை பேர் வந்தார்கள்?

அற்கின்சன் கடிதத்தைப் பிரித்தார்.

(தொடரும்)

அடுத்த கிழமை: கம்பெலின் கடிதம்